திவசமும் இல்லை, திரும்பி வரவும் இல்லை

தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிப்பார்கள். தாயை இழந்தவர்கள் சித்திரா பௌர்ணமிக்குப் பிடிப்பார்கள். ஆடி அமாவாசை அன்று கீரிமலையிலும், மட்டக்களப்பு மாமாங்கத்திலும், எங்கள் பக்கக் கடற்கரைகளிலும் சனம் தோய்ந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, வீட்டுக்கு வந்து படைத்துச் சாப்பிடும். விரதச் சமையலுக்கான காத்தோட்டிக்காயைச் சந்தையில் அந்த ஒரு நாளைக்குத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

2009 மே மாதம், போர் முடிகிற நாட்களில், முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தடியில் படையினரிடம் கையளிக்கப்பட்ட ஒருவருக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கைக்குழந்தை, இப்போது மீசை முளைத்த பொடியன். அவன் இந்த விரதத்தைப் பிடிக்கலாமா? பிடித்தால், தகப்பன் செத்துவிட்டார் என்று அவனே வாயால் சொன்னதாகிவிடும். பொட்டும் தாலியுமாக இருக்கிற அவனுடைய தாய் அன்றிலிருந்து ஊர்க் கண்ணில் விதவை. பிடிக்காமல் விட்டால், ஒருவேளை உண்மையிலேயே இறந்துபோன தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாத பிள்ளை ஆகிறான். அன்றைக்கு வீட்டில் மரக்கறி சமைப்பதா மச்சம் சமைப்பதா என்பதில் தொடங்கும் மனஸ்தாபம் ஆவணி வரைக்கும் இழுபடும்.

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் உளசமூகப் பணி செய்கிற எங்களிடம் இந்தக் கேள்வி ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வருகிறது. நாங்கள் படித்த உளவளத்துணைப் பாடநெறி எதிலும் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை.

பண்பாட்டை மதிக்கும் பராமரிப்பு என்று செயலமர்வுகளில் நிறையப் பேசுகிறோம். பெரும்பாலும் அது குத்துவிளக்கு ஏற்றுவதோடும், மொழிபெயர்த்த வினாக்கொத்தோடும் நின்றுவிடுகிறது. எனக்கு அது போதாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பொறுத்தவரை, மதிப்பு ஒரேயொரு இடத்தில் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன். உங்கள் ஆள் செத்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்ளும்படி அவர்களை யாரும் நெருக்கக் கூடாது. ஆறுதல் என்ற பெயரிலும் கூடாது, சிகிச்சை என்ற பெயரிலும் கூடாது, இழப்பீடு என்ற பெயரிலும் கூடாது.

செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பதிவேட்டில் இலங்கையில் காணாமல்போனவர்களாக 16,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. அதில் போர்க்களத்திலிருந்து திரும்பாத படைச் சிப்பாய்களும் அடக்கம். தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்த 1987–89 காலத்தில் கொண்டுபோகப்பட்ட சிங்கள இளைஞர்களின் தாய்மார் இன்று பாட்டிமார். 1990 யூலையில் குருக்கள்மடத்தில் புலிகளால் வழிமறித்துக் கடத்தப்பட்ட முஸ்லிம்களின் உறவினர்கள் இன்னும் அந்த உடல்களைத் தோண்டி எடுத்து மார்க்கப்படி அடக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் 2ஆம் திகதி வந்தால் இதே தவிப்புத்தான். சகல ஆத்துமாக்கள் பூசைக்குப் பெயர் கொடுப்பதா, விடுவதா? தெய்வம் வேறு, கிரியை வேறு. கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

இந்த நிலைக்கு உளவியலில் ஒரு தெளிவான விளக்கம் உண்டு. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி அதை எழுதத் தொடங்கினார். உடலும் இல்லாமல் உறுதியான செய்தியும் இல்லாமல் நேர்கிற இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது, இது அந்தக் குடும்பத்தின் மனநோய் அல்ல, அவர்கள் மீது சுமத்தப்பட்ட நிலைமையின் இயல்பு என்றார் அவர். இதற்கு முடிவு கட்டு, கடந்து போ என்று சொல்வதை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. காணாமல்போனவர் இருக்கவும் கூடும், இல்லாமலும் இருக்கக் கூடும் என்ற இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு அன்றாட வாழ்க்கையை நடத்த உதவுவதுதான் செய்யக்கூடிய வேலை என்றார். அவர் எழுதியதைப் படித்தபோது, எங்கள் வன்னித் தாய்மார் படிக்காமலே அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

அதை ஒரு வீட்டில் நேரிலேயே பார்த்தேன். விரதக் கேள்வி பெரிய சண்டையாகிப் போயிருந்தது. மகன் ஒரு அறையில், தாய் குசினியில், தாயின் தமையன் முற்றத்தில். நாங்கள் எந்தப் பதிலும் சொல்லவில்லை. தாய்க்கு எதைக் கண்டு பயம், மகனுக்கு எது நெஞ்சில் முட்டுகிறது என்று ஆளாளுக்குத் தனியாகக் கேட்டோம். மகனுக்குத் தகப்பன் செத்தாரா இல்லையா என்பதைவிடப் பெரிய விடயம், தான் ஒரு மகனாக எதுவுமே செய்யாமல் இருக்கிறேன் என்பது. தாய்க்கோ பொட்டை அழிக்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் நடுக்கம். பிறகு மாமன்காரன் கோயில் ஐயரிடம் போய்க் கதைத்தார். பன்னிரண்டு வருடம் தகவல் இல்லாவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்யச் சாத்திரத்தில் இடம் இருக்கிறது என்று சொன்ன ஐயர், செய்யத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். கடைசியில் பொடியன் அமாவாசைக்கு விரதம் பிடித்தான். தகப்பன் பெயர் சொல்லவில்லை, முன்னோர் எல்லோருக்குமாகத் தண்ணீர் இறைத்தான். அதே மாதம் தகப்பனின் நட்சத்திரத்தன்று தாய் கோயிலுக்குப் போய், உயிரோடு இருக்கிறவருக்குச் செய்கிற அருச்சனையை அவர் பெயருக்குச் செய்துவிட்டு வந்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்தான். ஆனால் இரண்டையும் அந்த ஒரு வீடு தாங்கியது. இதைவிட நல்ல சிகிச்சைத் திட்டத்தை நான் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை.

சுனாமிக்குப் பிறகு வந்தவர்கள் வேறு விதமாக வந்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு கிழக்குக் கரையிலும் முல்லைத்தீவிலும் வடமராட்சியிலும் வெளிநாட்டு ஆலோசகர்கள் வந்து இறங்கினார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று கிழமை நின்று, மொழிபெயர்ப்பாளரை வைத்து, நடந்ததைச் சொல்லுங்கள், சொன்னால் பாரம் குறையும் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சொன்ன சனம் அதே முகாமில் இருந்தது. யார் முன்னால் எதைச் சொல்லலாம், மாமியார் இருக்கும்போது மருமகள் எதைச் சொல்ல மாட்டாள், தம்பி முன்னால் அக்கா எதற்கு அழ மாட்டாள் என்பதெல்லாம் அந்த ஆலோசகர்களுக்குத் தெரியாது. அனர்த்த காலத்தில் உளசமூக உதவி எப்படி இருக்க வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டி 2007இல் வந்தது. முதலில் பாதுகாப்பும் அடிப்படைத் தேவையும், பிறகு குடும்பமும் சமூகமும், மிகச் சிலருக்கு மட்டும் நிபுணர் சிகிச்சை என்று அது அடுக்கிக் காட்டுகிறது. அந்த வழிகாட்டி உருவானதில் எங்கள் ஊர்களில் நடந்த பிழைகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் உள்ளிருந்தே ஒரு மரபு வளர்ந்திருந்தது. யாழ். பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர் நடந்துகொண்டிருந்தபோதே, ஷெல் விழுகிற நாட்களிலேயே, ஆசிரியர்களையும் கிராம மட்டப் பணியாளர்களையும் பயிற்றத் தொடங்கிவிட்டார். இது தனித்தனி ஆட்களுக்கு வந்த வருத்தம் மட்டுமில்லை, சமூகத்தின் உறவும் நம்பிக்கையும் சேர்ந்து காயப்பட்டிருக்கிறது என்று அவர் தொடர்ந்து எழுதினார். கூட்டு மனவடு என்று நாங்கள் இன்று சாதாரணமாகச் சொல்வது அவருடைய எழுத்து வழியாக எங்களுக்கு வந்ததுதான். அவர் முன்வைத்த பயிற்சிகளும் எங்கள் சனத்துக்குக் கைக்கெட்டியவை. மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், நாமசெபம். சைவர்களுக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்குப் புத்தம் சரணம். ஒரு ஆச்சியிடம் தசைத்தளர்வுப் பயிற்சி என்று சொன்னால் முகத்தைப் பார்ப்பார். கண்ணை மூடி நமசிவாய சொல்லுங்கோ, மூச்சு போய் வாறதை மட்டும் கவனியுங்கோ என்றால் எங்களைவிட நன்றாகச் செய்வார்.

இந்த மரபு 2009இல் மிகவும் தேவைப்பட்டபோது கதவு சாத்தப்பட்டது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் வவுனியா மெனிக் பாமிலும் மற்ற முகாம்களிலும் அடைபட்டிருந்தார்கள். மீள்குடியேற்றம் தொடங்கிய பிறகும், வடக்குக்கான சனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் எந்த நிறுவனமும் உள்ளே வேலை செய்ய முடியாமல் இருந்தது. வீடு கட்டலாம், கிணறு இறைக்கலாம், மலசலகூடம் அமைக்கலாம். சனத்தோடு இருந்து மனம்விட்டுக் கதைக்கிற வேலைக்கு அனுமதி கிடைப்பது மிகக் கடினமாக இருந்தது. நான்கு பெண்கள் ஒரு மரத்தடியில் இருந்து கதைத்தால், யார் கூட்டியது, என்ன கதைத்தது என்று பின்னேரம் விசாரணை வந்த காலம் அது. துக்கம் புதிதாக இருந்த அந்த வருடங்கள் அப்படியே போய்விட்டன. அதை யாராலும் திருப்பித் தர முடியாது என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நந்திக்கடல் பக்கத்தில் மகனைத் தேடுகிற ஒரு அம்மா. இந்திய வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீடு, முன்னால் ஒரு வேம்பு, கிடுகு வேலி. முதல் நாள் போனபோது படலைக்குள் வரவிட முன்னரே கேட்டார்: "பிள்ளையும் எழுதிக்கொண்டு போகத்தானோ வந்தனீங்கள்?"

"இல்லையம்மா. சும்மா உங்களோட கதைச்சிட்டுப் போகத்தான் வந்தனான்."

"கதைக்க என்ன கிடக்கு… சரி, இருங்கோ. தேத்தண்ணி வைக்கிறன்."

தேத்தண்ணி வந்தது, கடிக்கப் பனங்கட்டி வந்தது. நான் எதையும் கேட்கவில்லை. வேம்பைப் பற்றியும், குரங்கு வந்து தேங்காயை நாசம் பண்ணுவதைப் பற்றியும் கதைத்தோம். கொஞ்ச நேரத்தில் அவராகவே உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். அதற்குள் என்ன இருக்கும் என்று இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். லமினேற் பண்ணிய படம். பிறப்புச் சான்றிதழின் போட்டோக்கொப்பிகள். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. 2010இல் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதம். 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவின் அழைப்பு. 2018இல் வேலையைத் தொடங்கிய காணாமல்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு நிரப்பிய படிவத்தின் பிரதி. ஒவ்வொன்றாக எடுத்துக் கதிரையில் அடுக்கினார். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். என்ன உடுப்பு, எத்தனை மணி, யார் கண்டது. மடிப்பில் கடதாசி கிழிந்த இடங்களில் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தார்.

எல்லாம் அடுக்கி முடித்த பிறகுதான் உடம்பைப் பற்றிச் சொன்னார். "இரவில நித்திரை இல்லை பிள்ளை. நெஞ்சுக்க என்னவோ அடைச்சுக்கொண்டு நிக்குது. ஒரு பதகளிப்பு. கிளினிக்கில பிறசர் எண்டு குளிசை தந்தவை."

பிறசரும் உண்மைதான். அந்தக் குளிசையை விட வேண்டாம் என்றுதான் நானும் சொன்னேன். எங்கள் சனம் துயரத்தை உடம்பால்தான் சொல்லும். தலையிடி, உளைவு, பெருமூச்சு, நெஞ்சடைப்பு. உடம்பைப் பற்றிக் கேட்கத் தெரியாதவரிடம் மனதைத் திறக்க மாட்டார்கள். சாப்பிட்டனீங்களோ, நித்திரை கொண்டனீங்களோ என்று கேட்பதை வெறும் உபசாரம் என்று நினைக்கிறோம். எங்கள் ஊரில் மனநலப் பரிசோதனை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வவுனியாவில் இருக்கிற மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அம்மா போகவில்லை. "அவன் வந்தா இந்தக் காணிக்குத்தானே வருவான். நான் போட்டன் எண்டா ஆரிட்டக் கேப்பான்?" உறவினருக்கு இது பிடிவாதம். ஒரு மருத்துவக் குறிப்பில் இதை மறுப்பு மனநிலை என்று எழுதியிருந்ததையும் கண்டிருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைக்கு முகவரியாக இருக்கிறார். அதைக் கலைப்பது எங்கள் வேலை இல்லை. தனிய இருக்கிற அந்த வீட்டில் இரவில் அவருக்குத் துணைக்கு யார், குளிசை முடிந்தால் யார் எடுத்துக் கொடுப்பது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு யாரோடு போவது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. பக்கத்து ஒழுங்கையில் இதேபோல மகனைத் தேடுகிற இன்னொரு அம்மா இருந்தார். இரண்டு பேரும் இப்போது ஒன்றாகத்தான் கிளினிக்குக்குப் போகிறார்கள்.

சாத்திரம் கேட்கப் போவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் சட்டென்று முகம் சுளிக்கிற இடம் இது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் சாத்திரம் கேட்காத ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது கடினம். மட்டக்களப்பில் அம்மன் கோயில் சடங்குகளில் தெய்வம் ஆடுபவர்கள் வாக்குச் சொல்வார்கள். 1990களில் அங்கே பலர் காணாமல் ஆக்கப்பட்டபோது, அரசாங்கம் வாய் திறக்காத இடத்தில் அந்த வாக்குத்தான் குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரே பதிலாக இருந்தது. ஒரு தாய் சனத்துக்கு நடுவில் தன் பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழ, அம்மன் அவரைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பேசப் பயந்த காலத்தில் பேச இடம் கொடுத்தது அந்தக் கோயில் வீதி. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு எந்த மனநலச் சேவையும் அந்த மண்ணில் கால் ஊன்ற முடியாது.

அதே நேரத்தில், உங்கள் மகன் இன்ன முகாமில் இருக்கிறான், கண்ணால் கண்டேன், காசு தந்தால் கதைக்க வைக்கிறேன் என்று போன் எடுக்கிற தரகர்கள் இருக்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கோயில் வாக்கையும் தரகரின் பொய்யையும் ஒரே தராசில் போடக் கூடாது. முன்னதை மதித்து, பின்னதைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்து வைப்பது நம்பிக்கைக்குரிய ஒரு பணியாளரால் முடியும். முதலில் கோயிலைக் கிண்டல் செய்தவர் பிறகு தரகரைப் பற்றிச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

மருந்து வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துக்கம் கடும் மனச்சோர்வாக மாறி, சாப்பாடு நின்று, உயிரை மாய்க்கும் எண்ணம் வந்துவிட்ட பிறகு நாமசெபம் மட்டும் போதாது. அப்போது டொக்டர் வேண்டும், குளிசை வேண்டும், சில வேளை வார்ட்டில் அனுமதிக்கவும் வேண்டும். ஒரு காலத்தில் கடுமையான மனநோய் என்றால் அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி என்பதுதான் தீர்ப்பு. தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரைக் கொழும்புக்குப் பக்கத்தில், பாஷை புரியாத வார்ட்டில் கொண்டுபோய் விட்டால் அவர் எப்படித் தேறுவார்? 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை சேவைகளை மாவட்டங்களுக்குக் கொண்டுபோவதைக் குறிக்கோளாக வைத்தது. சுனாமி பாதித்த இடங்களில் சமூக மட்ட ஆதரவு அலுவலர்கள் வந்தார்கள். மனநலத்துக்கென்று பயிற்றப்பட்ட மருத்துவ அலுவலர்கள் ஆதார வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். இது உண்மையான முன்னேற்றம், நான் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் கிளினிக் நாளில் காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்த பஸ் மத்தியானம். விசர்க் கிளினிக்குக்குப் போகிறாள் என்று ஊர் சொல்லும் என்று பயந்து, பொது வெளிநோயாளர் பிரிவு வரிசையில் நின்று பனடோலோடு திரும்பிவிடுகிற பெண்கள் இருக்கிறார்கள். தாய்–சேய் கிளினிக் நடக்கிற அதே கட்டடத்தில், அதே நாளில் மனநலக் கிளினிக்கும் நடந்தால் வரவு கூடுகிறது. செலவே இல்லாத மாற்றம் இது.

கடனைப் பற்றிச் சொல்லாமல் வன்னியின் மனநலத்தைப் பற்றி எழுதவே முடியாது. கணவன் இல்லாத வீடுகளைத் தேடித் தேடி நுண்கடன் கம்பனிகள் வந்தன. வாரத் தவணை. தவணை நாளில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் பின்னேரம் வரை முற்றத்தில் இருப்பார், ஊர் பார்க்கும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்தது, சிலருக்கு அது உயிர்ப்பிச்சை. தவணை நாளுக்கு முதல் நாள் இரவு வருகிற நெஞ்சடைப்புக்கு மனச்சோர்வு வினாக்கொத்தில் புள்ளி போடுவதோடு நிறுத்திவிட்டால் அது சிகிச்சை இல்லை. அந்தப் பெண்ணோடு கூடப்போய்க் கம்பனிக்காரரிடம் தவணையை மாற்றக் கதைத்த நாட்கள் எங்களுக்கு உண்டு. அதை வேலை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டு எங்கள் அலுவலகத்தில் ஒரு தர்க்கமே நடந்தது. உளசமூக ஆதரவு என்ற கட்டத்தில்தான் போட வேண்டும் என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

சட்டமும் சில வேளைகளில் சிகிச்சையைவிட அதிகம் ஆற்றும். 2016 வரைக்கும் காணாமல்போனவரின் மனைவிக்கு வங்கிக் கணக்கோ காணியோ வேண்டுமென்றால் மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்வார்கள். அந்தக் கடதாசியில் கையெழுத்து வைப்பது, தன் கையால் கணவனைக் கொன்றதுபோல என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, ஆள் காணாமல்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிற சான்றிதழ் வந்தது. இறந்தார் என்று சொல்லத் தேவையில்லை. பிறகு 2020 ஜனவரியில், காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று அப்போதைய சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐ.நா. வதிவிட இணைப்பாளரிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. உடல் இல்லை, எப்படி, எங்கே, யாரால் என்ற விபரம் இல்லை, ஒரு வசனம் மட்டும். அந்தக் கிழமை நாங்கள் போன வீடுகளில் அடுப்பு மூட்டாத வீடுகள் இருந்தன.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலடியில் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர்போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கொட்டகைகள் முளைத்தன. வெயிலில், தூசியில், சீனி வருத்தத்தோடும் பிறசரோடும் ஏன் றோட்டில் இருக்கிறீர்கள், வீட்டில் ஆறுதலாக இருங்கோ என்று நல்லெண்ணத்தில் சொன்ன சுகாதாரப் பணியாளர்கள் உண்டு. உடம்புக்கு அது கேடு என்பது உண்மை. பல தாய் தகப்பன்மார் பதில் கிடைக்காமலே காலமாகிவிட்டார்கள். ஆனால் கொட்டகைக்குள் ஒரு நாள் முழுக்க இருந்து பாருங்கள். ஒருவர் இன்னொருவரின் கிளினிக் கொப்பியைப் பார்த்துக் குளிசை நேரம் சொல்கிறார். படத்தை மடியில் வைத்துக்கொண்டே சிரிக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். என்னை ஏன் விட்டுப் போனான் என்ற கேள்வி அங்கே, எங்கட பிள்ளையளை என்ன செய்தனீங்கள் என்று மாறிவிடுகிறது. தனி வீட்டில் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு அது சிறிய மாற்றம் இல்லை.

துக்கத்துக்குப் பொது இடம் வேண்டும் என்பதை எங்கள் சனம் எப்போதும் அறிந்தே இருந்தது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசியில் வரும். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18க்கும் அதற்கும் இடையில் அதிக நாள் இருக்காது. ஒரு பக்கம் முள்ளிவாய்க்கால் மணலில் உப்புக் கஞ்சி, இன்னொரு பக்கம் கடல்நீரில் விளக்கெரியும் கோயில். பல வருடங்கள் அந்தக் கஞ்சிக்கும் சுடருக்கும் தடையும் பொலிஸும் நீதிமன்றக் கட்டளையும். 2021 ஜனவரியில் யாழ். பல்கலைக்கழகத்தின் நினைவுத்தூபியை இரவோடு இரவாக இடித்தார்கள். அழ அனுமதிக்காத இடத்தில் ஆற்றுப்படுத்தல் பயிற்சி நடத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இப்போது இன்னொரு சோதனை வந்திருக்கிறது. 2023 யூன் மாதக் கடைசியில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டியபோது எலும்புகளும் பெண்களின் உடுப்புகளும் வந்தன. 2025 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிவர, பிறகு நடந்த அகழ்வில் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. ஒரு குழந்தையின் நீலப் புத்தகப்பை, ஒரு பொம்மை. ஓகஸ்ட் 5ஆம் திகதி, மீட்ட பொருட்களைச் சனம் வந்து அடையாளம் பார்க்கலாம் என்று நீதிமன்றம் ஏற்பாடு செய்தது. இத்தனை வருடம் அவன் வருவான் என்று இருந்தவர்கள், ஒரு சட்டைத் துண்டின் கரையைப் பார்த்து, இது நான் தைத்த கரையா என்று யோசித்துக்கொண்டு நிற்க வேண்டும். இல்லை என்றால் ஒரு ஆறுதல், அந்த ஆறுதலுக்காக ஒரு குற்றவுணர்வு. ஆம் என்றால் என்ன ஆவார்கள்?

இதற்கு ஆயத்தம் செய்ய முடியும், செய்ய வேண்டும். அங்கே என்ன காட்டப்போகிறார்கள் என்பதை முதல் நாளே தமிழில், ஆறுதலாக, வீட்டில் வைத்துச் சொல்ல வேண்டும். மரபணுப் பரிசோதனைக்கு ஏன் எச்சில் அல்லது இரத்தம் கேட்கிறார்கள், முடிவு வர எவ்வளவு காலம் எடுக்கலாம், ஒத்து வராவிட்டால் என்ன பொருள் என்று விளங்கப்படுத்த வேண்டும். விருப்பமில்லாதவர் பார்க்காமல் இருக்கவும் உரிமை வேண்டும். போகிறவருக்கு வாகனம், நிழல், தண்ணீர், கையைப் பிடிக்க ஒரு சொந்தம் வேண்டும். ஐயரோ, சாமியாரோ, மௌலவியோ அவர்கள் கேட்கிற ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். எலும்பு கிடைத்தால் குடும்பம் விரும்புகிற கிரியையோடு, விரும்புகிற இடத்தில் அடக்கவோ எரிக்கவோ விட வேண்டும். அன்று இரவும் அடுத்த கிழமையும் அந்த வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும், அந்த முகம் ஏற்கனவே அவர்களுக்குப் பழக்கப்பட்டதாக இருக்க வேண்டும். எங்கள் பணியாளர்களில் பாதிப்பேர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்கள், சிலர் தங்கள் அண்ணனையே தேடிக்கொண்டிருக்கிறவர்கள். அவர்களை நிரந்தரமாக்குங்கள், ஒழுங்கான சம்பளம் கொடுங்கள், அவர்கள் தங்கள் பாரத்தை இறக்கி வைக்க மாதத்தில் ஒரு நாளாவது ஒதுக்குங்கள் என்று மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும், எங்களுக்கு நிதி தருகிற நிறுவனங்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அடுத்த கட்ட அகழ்வு தொடங்குமுன் அது நடந்தாக வேண்டும்.